ஒற்றைக் கையால் ஆறு வாரம்

ரமலான் முடிந்து ஷவ்வால் பிறை தெரிந்ததும் சிங்காரப்பேட்டையில் திருமணப் பத்திரிகை வேலைகள் குவியத் தொடங்கும். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெருநாள் விடுமுறைக்கு ஊர் வரும்போதே நிக்காஹ் நாளைப் பேசி முடித்துவிட வேண்டும் என்பது பெற்றோரின் அவசரம். கணினித் தட்டச்சும் ஜெராக்ஸும் செய்யும் சிறு கடை வைத்திருக்கும் எனக்கோ, ஆண்டு வருவாயில் பெரும்பகுதி அந்த இரண்டு மாதங்களில்தான் வந்து சேரும். அப்படிப்பட்ட ஒரு ஷவ்வாலில், ஊத்தங்கரை சென்று திரும்பும் வழியில், மழை நனைத்த சாலையில் என் மோட்டார் சைக்கிள் வழுக்கிற்று. கீழே விழுகிறவன் முதலில் கையைத்தான் ஊன்றுகிறான். என் வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

"ஆறு வாரம் மாவுக்கட்டு. அதன் பிறகும் கை பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம்" என்றார் மருத்துவர்.

"கடையைப் பூட்டிவிடுங்கள். உயிர் பிழைத்ததே அல்லாஹ்வின் அருள்" என்றாள் என் மனைவி. அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் பதினேழு வீட்டார் பத்திரிகைக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடை வாடகை காத்திருக்காது. நான் முதலில் எண்ணிப் பார்த்தது இவற்றைத்தான். கையைப் பற்றிய கவலை அதற்குப் பிறகே வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உறவினர் பலர் "புத்தூருக்குப் போ" என்று வற்புறுத்தினார்கள். ஆந்திரத்துப் புத்தூரின் எலும்பு முறிவுக் கட்டு எங்கள் பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பேர் பெற்றது. அதனால் நலம் பெற்றோர் எங்கள் தெருவிலேயே உண்டு. நான் அதைப் பழிக்க வரவில்லை. எந்தக் கட்டானாலும், யார் கட்டினாலும், ஒன்றை மட்டும் வீட்டார் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டும். விரல் நுனிகள் நீலம் பாரித்தாலோ, வெளுத்துக் குளிர்ந்தாலோ, மரத்துப் போனாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ கட்டு இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சில மணி நேரத் தாமதம் தசைகளையே சாகடித்துக் கையை நிரந்தரமாக முடக்கிவிடும். முதல் சில நாட்கள் கையைத் தலையணை மேல் நெஞ்சுக்கு உயரே வைத்திருந்தால் வீக்கம் வடியும். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களையும், முழங்கையையும், தோள்பட்டையையும் நாள்தோறும் பலமுறை அசைத்து வர வேண்டும். இல்லையேல் எலும்பு கூடும்போது மூட்டுகள் இறுகிப்போயிருக்கும்.

அந்த முதல் மூன்று நாட்கள் என் தாயார் தம் கையாலேயே எனக்குச் சோறு ஊட்டினார். ஐம்பதை நெருங்கும் மகனுக்கு! பிறகு இடக்கையால் உண்ணப் பழகினேன். இயலாதவனுக்கு அதில் குற்றமில்லை என்று தெரிந்திருந்தும் மனம் கூசத்தான் செய்தது. உளூவின்போது கட்டை நனைக்காமல் அதன் மீது ஈரக் கையால் மஸஹு செய்துகொள்ளும் சலுகையை மார்க்கம் தந்திருக்கிறது. அத்தோடு தயம்மும் செய்ய வேண்டுமா என்பதில் ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஊர் இமாமைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நான்காம் நாள் கடையைத் திறந்தேன்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நான் பழகியது பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசைப்பலகை. அதில் 'கு', 'டு', 'மு', 'து' போன்ற உகர எழுத்துகள் எல்லாம் ஷிப்ட் விசையை அழுத்தினால்தான் வரும். இரண்டு கையும் நலமாயிருந்தவரை இது எனக்கு ஒரு பொருட்டாகவே பட்டதில்லை. 'குடும்பத்துடன்' என்ற ஒரு சொல்லை இடக்கையால் மட்டும் அடிக்க முயன்றபோதுதான் உண்மை விளங்கிற்று. இடச் சுண்டுவிரலால் ஷிப்டை அமுக்கிக்கொண்டு அதே கையின் மற்றொரு விரலை விசைப்பலகையின் மறுகோடி வரை நீட்ட வேண்டும். அன்று மாலைக்குள் ஒரு பத்திரிகைகூட முடியவில்லை. நல்லாயிருந்த இடக்கையும் வலிக்கத் தொடங்கியது.

"அத்தா, ஷிப்டை ஐந்து தடவை தட்டுங்கள்" என்றாள் மகள்.

தட்டினேன். 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று கேட்டு ஒரு சிறு பெட்டி திரையில் தோன்றியது. வாசகர்களில் கணினி பழகியவர்கள் அதை அறிவார்கள். தவறுதலாக ஷிப்டைப் பலமுறை தட்டிவிட்டு, அந்தப் பெட்டியை எரிச்சலோடு மூடியிருப்பார்கள். நானும் பல ஆண்டுகளாக அதைத்தான் செய்து வந்தேன். அது தொல்லையல்ல, உதவி என்பது கை முறிந்த பிறகே தெரிந்தது. அதற்குச் சம்மதம் கொடுத்துவிட்டால் ஷிப்டை அமுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஒருமுறை தட்டிக் கையை எடுத்துவிடலாம். அடுத்துத் தட்டும் எழுத்துக்காக அது காத்திருக்கும். கன்ட்ரோல், ஆல்ட் விசைகளும் அப்படியே. ஒரே நேரத்தில் மூன்று விசைகளை அழுத்தும் வேலையையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே விரலால் செய்துவிடலாம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரேஸ் மையத்தார் உடற்குறையுடையோருக்காக உருவாக்கிய ஏற்பாடு இது. 1995-ல் வெளிவந்த விண்டோஸ் 95 முதற்கொண்டு கணினிக்குள்ளேயே சேர்ந்து வருகிறது. அதாவது, என் கடையில் நான் வாங்கிப் போட்ட ஒவ்வொரு கணினியிலும் இது இருந்திருக்கிறது. எவரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை.

ஷிப்டின் தொல்லை தீர்ந்தது. எழுத்துகளின் தொல்லை தீரவில்லை. பழைய பலகையை விட்டுத் 'தமிழ் 99' முறைக்கு மாறிப் பார்க்கலாம் என்று துணிந்தேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் எல்லாம் இடப்பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். 'க'வைத் தட்டி 'உ'வைத் தட்டினால் 'கு' வந்துவிடுகிறது, ஷிப்ட் தேவையில்லை. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானாகவே விழுந்துவிடும். 'அத்தா' என்று எழுத 'அ', 'த', 'த', 'ஆ' என நான்கே தட்டல்கள். இவ்வளவு இலகுவான முறையைக் கற்காமல் காலம் கடத்தியதற்கு வெட்கப்பட்டேன்.

ஆனால் முழுப் புகழும் பாடிவிட முடியாது. இரு கைகளும் மாறி மாறி இயங்க வேண்டும் என்ற எண்ணத்தில் அமைக்கப்பட்டது அது. ஒற்றைக் கைக்காரனுக்கோ, தறியில் ஓடும் நாடாவைப் போலக் கை ஒவ்வோர் எழுத்துக்கும் இங்குமங்கும் ஓட வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் நம் சமுதாயத்தாருக்கே உரியது. தமிழ் 99-ல் ஷிப்ட் விசை இல்லாமல் எழுத இயலாதவை கிரந்த எழுத்துகள். நம் பத்திரிகைகளில் அவை இல்லாத வரி ஏது? 'ஷாஜஹான்' என்ற ஒரே பெயரில் மூன்று ஷிப்ட்! மணமகன், மணமகள், இருதரப்புப் பெற்றோர், வலியாக நிற்பவர், ஹஜ்ரத், ஹாஜி என்று எழுதி முடிப்பதற்குள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கி கீஸ் இல்லாதிருந்தால் அந்தப் பதினேழு பத்திரிகைகளையும் முடித்திருக்க மாட்டேன்.

கைபேசியில் வாயால் சொல்லி எழுத வைக்கலாமே என்று கேட்பீர்கள். கடிதத்துக்கும் மனுவின் நடுப்பகுதிக்கும் அது நன்றாகவே உதவிற்று. பெயர்களில்தான் தடுமாறியது. பட்டா மனுவிலும் திருமணப் பத்திரிகையிலும் பெயர்தானே உயிர்!

பட்டறிவால் கண்ட வேறு சிலவும் உண்டு. விசைப்பலகையைச் சற்று நகர்த்தி, அதன் நடுவிலுள்ள எழுத்துகள் கைக்கு நேராக வருமாறு வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கில எழுத்துகளான எஃப், ஜி, எச், ஜே ஆகிய நான்கின் மீதும் நான்கு விரல்கள் குடியிருக்கட்டும். எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு மேடுகள் பார்க்காமலே இடம் காட்டும். மவுஸின் பொத்தான்களை இடக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிட வேண்டும். இரண்டு கையின் வேலையைச் சுமக்கும் ஒற்றைக் கையும் கெட்டுவிட்டால் அப்புறம் கதி என்ன?

ஆங்கிலத்தில் ஒற்றைக் கைக்கென்றே விசைப்பலகைகள் உண்டு என்பதையும் அந்த நாட்களில் அறிந்தேன். 1936-ல் புதிய விசைப்பலகைக்குக் காப்புரிமை பெற்ற ஆகஸ்ட் டிவோராக், பின்னர் இடக்கைக்குத் தனியாகவும் வலக்கைக்குத் தனியாகவும் வரிசைகளை அமைத்தார். இரண்டாம் உலகப் போர் பலரை ஒற்றைக் கையராக்கியிருந்த காலம் அது. விண்டோஸில் இவ்விரண்டும் இன்றும் கிடைக்கின்றன. 1993-ல் கனடாவின் எட்கர் மத்தியாஸும் உடனிருந்தோரும் வேறொரு வழி கண்டார்கள். பலகையின் ஒரு பாதி போதும். இடைவெளி விசையை அழுத்திக்கொண்டு தட்டினால் மறுபாதியின் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறி வரும். இரு கையால் நன்கு தட்டச்சு அறிந்தவர்களைப் பயிற்றுவித்துப் பார்த்ததில், ஏறத்தாழ எட்டு மணி நேரப் பயிற்சியிலேயே பழைய வேகத்தில் பாதியை எட்டினார்களாம். பத்து மணி நேர முடிவில் 41 முதல் 73 விழுக்காடு வரை வந்திருந்தது. என் வேகம் அவ்வளவு இல்லை. முதல் வாரம் நிமிடத்துக்கு ஐந்தாறு சொற்கள். ஆறாம் வாரம் பதினெட்டு. ஆங்கில இளநிலைத் தேர்வுக்கு முப்பது சொல் வேண்டும் என்று மாணவர்களை விரட்டிய வாய் இது!

மூன்றாம் வாரம் ஓர் இளைஞர் கடைக்கு வந்தார். பக்கத்துக் கிராமம். ஓசூரில் ஒரு தொழிற்கூடத்தில் பிரஸ் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். அந்த இயந்திரத்தில் வலக்கை விரல்கள் மூன்று போய்விட்டன. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். மருத்துவச் சான்றில் குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால்தான் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை ஒதுக்கீடு போன்ற சலுகைகள் கிட்டும். நான் ஒரு கையால் தட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லக் கேட்டார்.

"பாய், உங்களுக்குக் கட்டு அவிழ்ந்துவிடும். எனக்கு?"

பதில் சொல்ல நா எழவில்லை. சற்றுப் பொறுத்து மாளவிகா ஐயரைப் பற்றிச் சொன்னேன். கும்பகோணத்தில் பிறந்தவர். 2002-ல், பதின்மூன்று வயதில், ராஜஸ்தானத்துப் பிகானேரில் வெடிகுண்டு வெடித்து இரண்டு கைகளையும் இழந்தார். சென்னையில் தனித்தேர்வராக, எழுதுபவர் துணையுடன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி உயர்ந்த இடம் பெற்றார். அப்போதைய குடியரசுத் தலைவர், நம் இராமேசுவரத்து அப்துல் கலாம், அவரை மாளிகைக்கு அழைத்துச் சிறப்பித்தார். பின்னாளில் அவர் முனைவர் பட்டமும், 2018-ல் நாரீ சக்தி விருதும் பெற்றார். வெட்டுண்ட வலக்கையின் முனையில் துருத்தி நின்ற எலும்பையே விரலாகக் கொண்டு தம் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ததாக அவரே கூறியிருக்கிறார்.

இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு இன்னும் ஏழு விரல் இருக்கிறதே" என்றார்.

மறுநாள் முதல் மாலை வேளையில் வரத் தொடங்கினார். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை பழைய கணினி ஒன்றில் பழகுவார். வேலை கிடைக்குமா என்று அவர் கேட்டபோதெல்லாம், "பழகு தம்பி" என்பதற்கு மேல் நான் உறுதி கூறவில்லை. இடம் தருகிறவர்களும் உண்டு, கையைப் பார்த்தே திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு என்பதை இந்தத் தொழில் பகுதியில் அறியாதவர் யார்?

ஆறு வாரம் கழித்து என் கட்டைப் பிரித்தார்கள். உள்ளிருந்து வெளிவந்த கை, மெலிந்து, தோல் உரிந்து, யாருடையதோ போலிருந்தது. கடைப் பூட்டில் சாவியைத் திருப்பக்கூட முடியவில்லை. பிசியோதெரபி பயிற்சிகளைப் பொறுமையாகச் செய்த பின்னரே மணிக்கட்டு வளையத் தொடங்கியது. இரண்டு கையாலும் தட்டத் தொடங்கிவிட்டாலும், கடையிலுள்ள கணினிகளில் ஸ்டிக்கி கீஸை நான் இன்னும் நிறுத்தவில்லை.

கட்டுப் பிரித்த அதே வாரம் அந்த இளைஞருக்கு மருத்துவச் சான்று வந்தது. அடுத்து ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். நான் நாற்காலியில் அமரப் போனபோது, "நானே அடிக்கிறேன் பாய்" என்றார். இருபது நிமிடம் பிடித்தது. கடைசியில் தம் பெயருக்கு வந்ததும் விரல் ஒருகணம் நின்றது. அவர் பெயரிலும் ஒரு 'ஹ' உண்டு. ஷிப்டைத் தட்டினார், கையை எடுத்தார், பிறகு எழுத்தைத் தட்டினார். அச்செடுத்துக் கொடுத்தேன்.