பள்ளியை விட்ட காரணம்

படிப்பு முடிந்து வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் நாம் முதலில் கேட்பது என்ன? "எத்தனை மார்க்கு?" அடுத்தபடி, "மேலே என்ன செய்யப் போகிறாய்?" அவ்வளவுதான். "இத்தனை வருஷம் அங்கே இருந்தாயே, உன்னோடு என்னம்மா வந்திருக்கிறது?" என்று யாராவது கேட்கிறோமா? கேட்டுப் பாருங்கள். மார்க்குப் பட்டியலில் அச்சாகாத சங்கதிகள் எத்தனையோ வெளியே வரும்.

2025-ஆம் ஆண்டில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணிடம் நான் கேட்டேன். ஊர், தரங்கம்பாடிக்குப் பக்கம். பள்ளி, லுத்தரன் திருச்சபையார் நடத்தும் சின்னஞ்சிறு உதவி பெறும் பள்ளி. அவள் வகுப்பில் மொத்தமே 21 பேர். பெண்ணின் பெயரும் பள்ளியின் பெயரும் நமக்கு வேண்டாம். "பேப்பர்லே பேர் வந்தா அப்பா கோவிச்சுக்குவாரு அக்கா" என்று அவளே சொல்லிவிட்டாள்.

அவள் கிறிஸ்தவப் பெண் அல்ல. மாசிமகத்துக்குக் குடும்பத்தோடு கடலாடப் போகிற மீனவர் வீட்டுப் பெண். 2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி வந்ததே, அதற்குப் பிறகு கரையை விட்டு உள்ளே தள்ளிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று. அப்படியிருக்க லுத்தரன் பள்ளிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? கிட்டத்தில் இருந்த பள்ளி அதுதான். அவள் அம்மா படித்ததும் அங்கே. ஆயா மூன்றாவது வரை படித்ததும் அங்கே. சம்பந்தம் என்றால் இதைவிட என்ன வேண்டும்?

அலைகள் பாடும் ஊர்

அந்தப் பக்கத்துப் பள்ளிகளின் கதையைச் சொல்வதென்றால் 300 வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க்குக்காரர்கள் தரங்கம்பாடியில் வியாபாரத்துக்கு வந்து கோட்டை கட்டினார்கள். 1706 ஜூலை 9-ந் தேதி சீகன்பால்கு, புளுட்சாவ் என்ற இரண்டு ஜெர்மானிய வாலிபர்கள் அங்கே கப்பலில் வந்து இறங்கினார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய லுத்தரன் பாதிரிமார்கள் அவர்கள். சீகன்பால்குவுக்கு அப்போது வயது 24 கூட நிரம்பவில்லை.

வந்தவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ, ஆ' எழுதிப் பழகினார்! பிள்ளைகளுக்கு எவ்வளவு வேடிக்கையாக இருந்திருக்கும்! பாடம் சொல்ல வந்தவர் முதலில் பாடம் கேட்டார். அடுத்த ஆண்டே, அதாவது 1707-ல், பெண் குழந்தைகளுக்கென்றே ஒரு பள்ளி அங்கே தொடங்கிவிட்டது. இந்தத் தேசத்தில் பெண்களுக்கென்று ஏற்பட்ட மிகப் பழைய பள்ளிகளில் அதுவும் ஒன்று.

இவர்களுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் ஏன் இத்தனை மோகம்? காரணம் இருக்கிறது. ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே தம் தாய்மொழியில் படிக்க வேண்டும் என்பது மார்ட்டின் லுத்தரின் கட்சி. படிக்க வேண்டுமானால் எழுத்துத் தெரிய வேண்டும். பெண்களுக்கும் தெரிய வேண்டும். 1524-லேயே ஜெர்மன் நகரசபையாருக்கெல்லாம், "ஆணுக்கும் பெண்ணுக்கும் பள்ளி வையுங்கள்" என்ற கருத்தில் அவர் எழுதியிருக்கிறார். எழுத்துத் தெரிந்தால் போதுமா? புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அச்சு வேண்டும். அச்சுக்குக் காகிதம் வேண்டும். இப்படியாக ஒன்றன் பின் ஒன்றாகத் தரங்கம்பாடிக்கு அச்சு யந்திரம் வந்தது, ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன, பொறையாற்றுப் பக்கம் காகித ஆலையும் எழுந்தது. புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி 1715-ல் முடிந்தது. சீகன்பால்கு 1719-ல் காலமானார். அதற்கு முந்திய ஆண்டில் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவருடைய கல்லறை இருக்கிறது.

"அர்த்தத்தைச் சொல்!"

இந்தச் சரித்திரமெல்லாம் அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம். வருஷா வருஷம் ஜூலை மாதத்தில் பள்ளியில் பேச்சுப் போட்டி உண்டாம். "ஆறாவதிலேருந்து ஒரே பேச்சைத்தான் பேசினேன். ஒவ்வொரு வருஷமும் ரெண்டு வரி கூட்டிக்குவேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

"உன்னோடு என்ன வந்திருக்கிறது?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தாள். "தமிழ் டீச்சரோட கேள்வி வந்திருக்கு அக்கா. எதை ஒப்பிச்சாலும் விடமாட்டாங்க. 'சரி, இப்போ அர்த்தத்தைச் சொல்லு'ம்பாங்க. திருக்குறள் சொன்னாலும் அப்படித்தான், காலையிலே பாடற பாட்டானாலும் அப்படித்தான். இப்ப வீட்டிலே யாராவது 'பொண்ணுக்கு எதுக்குப் படிப்பு'ன்னு சொன்னாக்கூட, 'அதுக்கு என்ன அர்த்தம்?'னு வாய் வரைக்கும் வந்துடுது!"

எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. லுத்தர் 1529-ல் குடும்பங்களுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசப் புத்தகமும் இதே வழியில்தான் போகிறது. ஒரு வாசகத்தைச் சொல்லிவிட்டு, உடனே அதற்குப் பொருள் என்னவென்று கேட்கும். அந்த டீச்சர் அதைப் பார்த்துத்தான் பழகினாரோ, தாமாகவே பழகினாரோ, பலன் ஒன்றுதானே?

சின்னப் பள்ளியில் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பதையும் அவள் சொன்னாள். 21 பேரில் ஒருத்தி வராவிட்டால் பகல் மணி அடிப்பதற்குள் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். ஒன்பதாவதில் வலை வேலைக்கு ஒத்தாசையாக அவளை நான்கு நாள் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் தலைமையாசிரியையே வாசலில் வந்து நின்றாராம். "அன்னிக்கு எரிச்சலா இருந்துச்சு. இப்போ நினைச்சா, அவங்க வராம இருந்திருந்தா நான் அப்படியே நின்னு போயிருப்பேன்" என்றாள்.

குறைகளையும் மறைக்கவில்லை. பிளஸ் டூவில் இருந்தவை இரண்டே பிரிவுகள். நர்ஸ் படிப்புக்குப் போகவேண்டுமென்று அவளுக்கு ஆசை. உயிரியல் பிரிவு அங்கே இல்லை. அதற்காகத் தொலைவில் உள்ள பள்ளிக்கு அனுப்ப வீட்டில் சம்மதமில்லை. ஆகவே கணக்குப்பதிவியல் எடுத்தாள். இங்கிலீஷில் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசவும் கூச்சம். சின்னப் பள்ளி கொடுப்பதையும் கொடுக்க முடியாததையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிற நிதானம் அவளிடம் இருந்தது. அதுவும் அங்கே கற்றதுதானோ?

ஆயிரம் ரூபாய் விஷயம்

பரீட்சை முடிந்ததும் வீட்டில் பெரிய விவாதம். "பன்னிரண்டு போதும். வரன் பார்க்கலாம்" என்பது அப்பாவின் கட்சி. கெட்ட மனுஷர் அல்ல. டீசல் விலையும் கடனும் அவரை அப்படிப் பேச வைத்தன. அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று மட்டும், "நான் எட்டாவதோட எறங்கிட்டேன். அவளை எறக்கிவிடாதீங்க" என்றாளாம்.

வழக்கம்போல் தலைமையாசிரியை வந்து சேர்ந்தார். இந்தத் தடவை கையில் ஒரு காகிதம். தமிழக அரசு 2022 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டம்பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால், அவர்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய் செலுத்துவது என்று ஏற்பாடு. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் 2024 டிசம்பரில் அது விரிவாயிற்று. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வழி பிறந்துவிட்டது! பொறையாற்றிலேயே கல்லூரி இருக்கிறது. தரங்கம்பாடிக்கு முதல் இந்திய லுத்தரன் பிஷப்பாக 1956-ல் பொறுப்பேற்ற மாணிக்கம் அவர்களின் பெயரைத் தாங்கியது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

அப்பா இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், "பாரம் வாங்கிட்டு வா" என்றாராம்.

உங்கள் தெருவிலும் உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் குடும்பத்திலும் இப்படி ஒரு பெண் இருக்கலாம். பன்னிரண்டோடு நின்றுவிடப் போகிறாள் என்று தெரிந்தால், அவள் படித்த பள்ளிக்கு ஒரு நடை போய், என்னென்ன உதவி உண்டு என்று விசாரித்துச் சொல்லுங்கள். ஒரு குடும்பத்தின் மனசு மாற, சில சமயம் ஒரு காகிதமும் அதை எடுத்துக்கொண்டு வருகிற ஒரு மனுஷியும் போதும்.

கடைசியாக ஒன்று. மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போன அன்று, அம்மாவின் பெயர் இருக்கும் பழைய பதிவேட்டைப் பார்க்க வேண்டுமென்று அவள் கேட்டாளாம். குமாஸ்தா தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். 'பள்ளியை விட்ட காரணம்' என்ற கட்டத்தில், 'நீண்ட நாள் வராமை' என்று எழுதியிருந்தது.

அவளுடைய வரிசைக்கு வந்ததும் குமாஸ்தா பேனாவைத் திறந்துகொண்டு, "என்னம்மா போடட்டும்?" என்று கேட்டார்.

"மேற்படிப்புன்னு போடுங்க சார்" என்றாள். அவர் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாளாம்.