வட்ட வலைச் சிலந்திகளை இனங்காணல்

சிலந்தி என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது வீட்டு மூலையில் தொங்கும் ஒட்டடையும் அதை அடிக்கும் கோலும்தான். ஆனால் ஒட்டடை கட்டும் நெட்டைக்கால் சிலந்தி வேறு. வேலியிலும் வயலிலும் வண்டிச் சக்கரம் போல வலை பின்னும் சிலந்தி வேறு. பின்னதையே நான் இங்கு எடுத்துக்கொண்டேன். இக்குடும்பத்திற்கு 'அரனீடே' என்று பெயர். உலகில் 3000-க்கு மேற்பட்ட இனங்கள் இதில் உள்ளன. 1757-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுக் கிளெர்க் என்பவர் இவற்றுள் சிலவற்றிற்கு இட்ட பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. நம் நாட்டு இனங்களுக்கென்றே பி. கே. டிக்காதர் 1982-இல் தனி நூல் எழுதினார்.

எங்கள் மேல்மலையனூர்ப் பக்கம் இதை 'எட்டுக்கால் பூச்சி' என்பார்கள். பூச்சிக்கு ஆறு கால், மூன்று உடற்பகுதி. சிலந்திக்கோ எட்டுக் கால். தலையும் மார்பும் ஒன்றாய் இணைந்த ஒரு பகுதி, வயிறு ஒரு பகுதி. உணர்கொம்பும் இல்லை, இறகும் இல்லை.

வட்ட வலையைக் கண்டதும் இது அரனீடே என்று முடிவு கட்டிவிடலாகாது. ஏரிக்கரையிலும் நெல் வயலிலும் சாய்ந்த வட்ட வலை கட்டி, கால்களை முன்னும் பின்னும் நீட்டிக் குச்சி போலக் கிடப்பது டெட்ராக்னாதா. அதன் வலை நடுவில் ஒரு துளை இருக்கும். தாடைகள் மிக நீண்டிருக்கும். அரனீடேயின் வலை நடுவே இழைகள் நிரம்பியிருக்கும். தாடைகள் குட்டையாய்த் தடித்திருக்கும். உலோபோரிடே என்னும் மற்றொரு குடும்பமும் வட்ட வலை கட்டும். அதன் இழையில் பசையில்லை, பஞ்சு போன்ற நுண்ணிழைதான். அதற்கு நஞ்சுச் சுரப்பியும் இல்லை.

இதற்கு நேர்மாறும் உண்டு. செஞ்சிப் பக்கத்துக் கள்ளிப் புதர்களில் கூடாரம் போன்ற வலையைக் காணலாம். அதைக் கட்டும் சிர்டோஃபோரா அரனீடேயைச் சேர்ந்ததே. ஆயினும் அதன் வலை கிடைமட்டமானது, பசையற்றது.

ஆகவே கண்களைப் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி போதும். எட்டுக் கண்களும் இரு வரிசையில் அமைந்திருக்கும். நடுவிலுள்ள நான்கும் ஒரு நாற்கரமாக நிற்கும். ஓரத்துக் கண்கள் பக்கத்திற்கு இரண்டாக ஒட்டினாற்போல், நடுக்கண்களிலிருந்து விலகி நிற்கும். இதுவே எனக்கு மிகவும் கைகொடுத்த அடையாளம். கால்களில் முட்கள் மிகுதி. மூன்றாம் இணைக் கால்கள் குட்டை. நுனியில் மூன்று நகங்கள்.

நம் ஊர் இனங்களில் எளிதாக அறியத்தக்கது ஆர்ஜியோப். வலை நடுவில் தலைகீழாக, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல உட்கார்ந்திருக்கும். அங்கேயே வெண்ணிறக் கோணல்மாணல் பட்டையும் பின்னியிருக்கும். அது இரையை ஈர்க்க என்பாரும், பறவைகளை எச்சரிக்க என்பாரும் உளர். கேஸ்டராகாந்தாவின் வயிறு ஓடு போலக் கடினமானது. அதில் ஆறு முட்கள் இருக்கும். நியோஸ்கோனாவோ மங்கலான பழுப்பு நிறம். பெரும்பாலும் மாலையில் வலை கட்டும். அதன் முதுகின் முன்பகுதியிலுள்ள பள்ளம் நீளவாக்கில் இருக்கும்.

"இதைப் படிக்கவா காலேஜுக்குப் போற?" என்று என் தாயார் கேட்டார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. மல்லாட்டைக் கொல்லையில் களை எடுப்பவர். அடுத்த கேள்வி, "கடிச்சா விஷமா?" என்பது. மனிதனுக்கு ஆபத்தில்லை, அந்த நஞ்சு சிறு பூச்சிகளுக்குத்தான். வலையில் தேனீயும் விழும் என்பது உண்மையே. ஆயினும் தத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் அவற்றிற்கு இரையாகின்றன. நெல்லுக்கு மருந்தடித்துச் சிலந்திகள் மடிந்தபின் புகையான் முன்னிலும் பெருகியதை ஆசிய நாடுகள் பலவற்றில் கண்டிருக்கின்றனர். இதைச் சொன்னபோது, "அப்போ மருந்தடிக்கச் சொன்னவங்க இதை ஏன் சொல்லல?" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை.

பார்க்க விரும்புவோர் மார்கழிக் காலையில், பனி உலருமுன் வரப்போரம் செல்லலாம். பெண் ஆர்ஜியோப் ஏறக்குறைய ஒரு செ.மீ. இருக்கும். ஆண் அதில் பாதிகூட இராது. வலையின் ஓரத்தில் தேட வேண்டும். ஆணின் இனத்தை நிறம் கொண்டு சொல்ல இயலாது. வாயருகே உள்ள சிறு கைகளின் பருத்த நுனியை நுண்ணோக்கியில் பார்த்தே சொல்ல வேண்டும். நம் ஆய்வுக்கூடத்தில் இருப்பதே அதற்குப் போதும்.