ஒரு சாவும் இல்லை, சரி, எத்தனை பறப்பில்?

அகமதாபாத்தில் 2025 ஜூன் 12 அன்று விழுந்த ஏர் இந்தியா 171 குறித்த இறுதி அறிக்கைக்குச் சர்வதேச விதி ஓராண்டுக் கெடு வைத்திருக்கிறது. அதையொட்டி வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. குத்துக்கல்வலசை, தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து வீடுகள் வளைகுடாவுக்குப் பிள்ளைகளைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றுகின்றன. சென்னைக்குப் போக வேண்டுமானால் தூத்துக்குடி வாகைகுளம். இதுவரை பயணி ஒருவர்கூடச் சாகாத விமான ரகம் எது, அதைப் பார்த்து டிக்கெட் போடலாமா என்று கேட்கிறார்கள். ஏர்பஸ் ஏ380, ஏ340, ஏ350, போயிங் 717 என்று பெயர்களைச் சொல்லிவிடலாம். ஆனால் 2025 ஜூன் 11 வரை போயிங் 787-ம் இதே வரிசையில்தான் இருந்தது. மறுநாள் தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் மாண்டார்கள்.

இங்கேதான் பூஜ்யம் ஏமாற்றுகிறது. ஏ380 விமானங்கள் 2021 இறுதிக்குள் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பறந்து ஓர் உயிரையும் பலிகொள்ளவில்லை. அந்த ரகத்தின் உண்மையான அபாயம் 8 லட்சம் பறப்புக்கு ஒரு விபத்து என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முதல் 8 லட்சம் பறப்புகள் விபத்தே இல்லாமல் கழிய நூற்றுக்கு 37 வாய்ப்பு உண்டு. சந்தேகத்தை நூற்றுக்கு ஐந்தாகக் குறைக்க வேண்டுமென்றால் புள்ளியியலார் எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள்: மூன்றைப் பறப்புகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால், ஏ380-இன் அபாயம் 10 லட்சம் பறப்புக்கு ஏறக்குறைய 3.75-ஐத் தாண்டாது என்பது மட்டுமே நிரூபணமாகிறது. 787 விபத்துக்கு முன் சுமார் 50 லட்சம் முறை பறந்திருந்தது. ஒரு விபத்தைச் சேர்த்த பிறகும் அதன் விகிதம் 10 லட்சத்துக்கு 0.2. ஆக, கறைபட்ட ரகத்தின் ஏடு கறைபடாத ரகத்தின் ஏட்டைவிட அதிகமாக நிரூபிக்கிறது. கான்கார்ட் இதற்குத் தலைகீழ் உதாரணம். 2000 ஜூலை 25 வரை பயணியர் சாவே இல்லாத பெருமை அதற்கு. பாரிஸில் ஒன்று விழுந்ததும் 10 லட்சத்துக்கு 11 என்ற மிக மோசமான விகிதம் வந்து நின்றது. விமானம் ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. 1979-லேயே வாஷிங்டனில் டயர் வெடித்து எரிபொருள் தொட்டி துளைபட்டிருந்தது. சாவுக் கணக்கில் அதற்கு இடமில்லாமல் போனது.

அந்தக் கணக்கை எழுதுவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். ரகவாரியாக அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆண்டறிக்கையை வெளியிடுவது போயிங் நிறுவனமே. தாக்குதல், நாசவேலை போன்றவை அதன் விபத்து விகிதத்தில் சேராது. கட்டுநாயக்காவில் 2001 ஜூலையில் எரிந்த ஸ்ரீலங்கன் ஏ340 போன்றவை அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. புரொப்பெல்லர் விமானங்களுக்கும் அதில் இடமில்லை. 1,350 மீட்டர் ஓடுபாதை இருந்த காலமெல்லாம் தூத்துக்குடிக்காரர்கள் ஏறிய ஏடிஆர் 72 அந்த அட்டவணையிலேயே கிடையாது! 'விமானம் முற்றாக இழப்பு' என்பதும் பழுதுபார்க்கும் செலவைப் பொறுத்த கணக்குத்தான். 2010-இல் என்ஜின் வெடித்த குவாண்டாஸ் ஏ380-ஐப் பத்துக் கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவிட்டுச் சரிசெய்து மீண்டும் பறக்கவிட்டார்கள். இழப்புப் பட்டியல் சுத்தமாகவே இருக்கிறது.

புது ரகம் தன் முன்னோடிகளின் பாடங்களைச் சுமந்துதானே வருகிறது, அதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான ஆட்சேபம்தான். ஏ380-இன் உண்மை அபாயம் 3.75-ஐவிட வெகு குறைவாக இருக்கவே வாய்ப்பு. ஆனால் அந்தப் பெருமை தர நிர்ணயத்துக்கும் விமானிப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் சேர வேண்டியது. ரகத்தின் பெயருக்கு அல்ல. துபாயிலிருந்து வந்து மங்களூரிலும் (2010, 158 பேர்) கோழிக்கோட்டிலும் (2020, 21 பேர்) உயிர்களைப் பறித்த இரண்டும் போயிங் 737-800. ஓடுபாதையைத் தாண்டி ஓடிய அந்த இரண்டிலும் தரையிறங்குவதைக் கைவிட்டு மேலெழாத முடிவைத்தான் விசாரணைகள் சுட்டின. அதே ரகம் உலகெங்கும் கோடிக்கணக்கில் பறந்து, 10 லட்சம் புறப்பாட்டுக்கு 0.1-ஐ ஒட்டிய விகிதத்தில் நிற்கிறது. 2023 ஜனவரியில் பொக்காராவில் 72 பேரைக் கொன்ற ஏடிஆர், முன்பு இங்கே கிங்ஃபிஷர் வண்ணத்தில் பறந்த அதே விமானம். இறக்கைமடலை இறக்க வேண்டிய கை தவறான நெம்புகோல்களை இழுத்ததால் புரொப்பெல்லர்கள் உந்துவிசையை இழந்தன. இயந்திரம் மாறவில்லை, கை மாறியிருந்தது.

கடிதங்களின் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ரகம் பார்த்து டிக்கெட் போடலாமா? போடலாம், ஆனால் கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு.

ஏர் இந்தியா 171-க்குக் காரணம்? எரிபொருள் சுவிட்சுகள் இரண்டும் ஒரு நொடி இடைவெளியில் நிறுத்த நிலைக்குப் போயின என்கிறது முதல்கட்ட அறிக்கை. ஏன் என்று சொல்லவில்லை.

கெடு தவறினால்? ஆண்டுதோறும் அதே நாளில் இடைக்கால அறிக்கையாவது வர வேண்டும்.

உயிர் தப்பியவர் இருந்த 11ஏ இருக்கை? ஒரே நிகழ்வை வைத்து விதி எழுத முடியாது.

பழைய விமானம் ஆபத்தா? வயதைவிடப் பராமரிப்புப் பதிவேடு முக்கியம். அதைப் பயணிக்கு யாரும் காட்டுவதில்லை.