மடலின் நாள்

கடிதம் எழுதக் கற்கும் மாணவர் தாளின் தலைப்பில் முதற்கண் எழுதுவன இரண்டு. ஒன்று இடம்; மற்றொன்று நாள். எங்கிருந்து எழுதப்பட்டது என்பதனை இடம் உணர்த்தும். என்று எழுதப்பட்டது என்பதனை நாள் உணர்த்தும். இவற்றுள் நாளைச் சிறு பொருளாகக் கருதி விட்டுவிடுவோர் பலர். மடலில் உள்ள செய்திகளெல்லாம் எழுதியவரின் கூற்று. நாளோ அக்கூற்றுக்குத் துணை நிற்கும் சான்று. சான்று தவறினால் கூற்றும் தளர்ந்துவிடும்.

நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். கல்லிலும் செப்பேட்டிலும் பொறித்த ஆணைகளில் அரசன் பெயரையும் அவனுடைய ஆட்சியாண்டையும் தவறாது குறித்தனர். உத்தரமேரூரில் குடவோலைத் தேர்தல் முறையைக் கூறும் புகழ்பெற்ற கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மற்றொன்று அவனுடைய 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவை முறையே கி.பி. 919, 921 ஆகும். ஆண்டு குறிக்கப்பட்டிருப்பதனாலன்றோ முன்னே எழுந்த விதி எது, அதனைத் திருத்தி எழுந்த விதி எது என்று இன்று நாம் அறிகிறோம்? அவ்வாண்டுகள் காண்போர்க்கு ஏற்ப மாறிக்கொண்டே இருந்திருந்தால் வரலாறு என்னாவது?

இக்காலத்தும் நாளின் மதிப்புக் குறைந்திலது. கடனாகக் கொடுத்த பணத்தை மீட்க விரும்புவோர், பொதுவாக, கொடுத்த நாள் முதல் 3 ஆண்டுகளுக்குள் வழக்கிடுதல் வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் விடையளித்தல் வேண்டும். இத்தகைய காலவரம்புகளைக் கணக்கிடும்போது ஒரு மடலின் நாளைப் பற்றி ஐயம் எழுந்தால், உரிமையே கைந்நழுவிப் போதலும் கூடும்.

கையால் எழுதிய காலத்திலும், தட்டச்சுப் பொறியால் அடித்த காலத்திலும் நாளைப் பற்றி ஒரு கவலை இல்லை. எழுதிய நாள் எழுதியவாறே நின்றது. இன்று நாம் கணிப்பொறியில் சொற்செயலியைக் கொண்டு மடல் வரைகிறோம். அதில் வார்ப்புரு என்பதொன்று உண்டு. செங்கல் அறுப்போர் மரத்தால் ஆகிய அச்சொன்றை வைத்திருப்பர். அதனுள் மண்ணை இட்டு எடுத்தால் கல் ஒரே வடிவில் வரும். மண் புதிது, அச்சுப் பழையது. வார்ப்புருவும் அத்தகையதே. பள்ளியின் பெயர், முகவரி, விளிப்பு, முடிப்பு, கையெழுத்திடும் இடம் ஆகியவை அதில் முன்னரே அமைந்திருக்கும். வேண்டும்போது அதிலிருந்து புதிய மடல் ஒன்றை எடுத்துச் செய்தியை மட்டும் எழுதினால் போதும்.

ஆயின், அந்த அச்சில் நாளை எவ்வாறு அமைப்பது? ஈண்டு இருவகைப் பிழைகள் நேர்கின்றன. வார்ப்புருவிலேயே ஒரு நாளைத் தட்டச்சுச் செய்து வைப்பது முதற் பிழை. திருத்த மறந்தால், ஒவ்வொரு மடலும் அந்தப் பழைய நாளையே சுமந்து செல்லும். இஃது என்றும் அசையாத நாள். இதற்கு அஞ்சித் தானே மாறும் நாளை அமைப்பது இரண்டாம் பிழை. இஃது என்றும் நில்லாத நாள். முதற் பிழை விரைவில் கண்ணிற்படும். இரண்டாம் பிழையோ நெடுநாள் மறைந்திருந்து தீங்கு செய்யும்.

அத்தீங்கினை நான் பட்டறிந்தேன். 2014ஆம் ஆண்டு நான் பணியாற்றிய பள்ளியில், அலுவலக மடல்களுக்கு வார்ப்புரு ஒன்றை நானே அமைத்துக் கொடுத்திருந்தேன். நாள் தானே வருவது கண்டு மகிழ்ந்தேன். அவ்வாண்டில் ஏழை மாணவி ஒருத்தி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். தலைமையாசிரியரின் சான்று மடல் செப்டம்பர் 10ஆம் நாளுக்குள் எழுதி அனுப்பப்படுதல் வேண்டும் என்பது விதி. மடல் செப்டம்பர் 3ஆம் நாளே அஞ்சலிற் சென்றது. ஒரு திங்கள் கழிந்தபின், விண்ணப்பத்துடன் சான்று மடல் காணப்படவில்லை என்றும், அலுவலகப் படியை அனுப்புமாறும் உதவித்தொகை வழங்குவோர் எழுதினர். அக்டோபர் 8ஆம் நாள் அந்தக் கோப்பைக் கணிப்பொறியில் திறந்து, அச்சிட்டு அனுப்பினோம். சில நாட்களில் மறுமொழி வந்தது. மடல் அக்டோபர் 8ஆம் நாள் எழுதப்பட்டதாக உள்ளது. காலம் கடந்தமையால் விண்ணப்பத்தை ஏற்பதற்கில்லை என்பதே அது.

மாணவி என்னிடம் வந்தாள். “ஐயா, நான் உரிய நாளிலேயே கொடுத்துவிட்டேனே! மடல் ஏன் வேறு நாளைச் சொல்கிறது?” என்று வினவினாள். எனக்கு விடை தெரியவில்லை. மடலைத் திறந்து பார்த்தேன். அஃது அன்றைய நாளைக் காட்டிற்று. மறுநாளும் திறந்தேன். மறுநாளையே காட்டிற்று. அப்பொழுதுதான் பிழை என்னுடையது என்று உணர்ந்தேன். நற்பேறாக, அஞ்சல் அனுப்புகைப் பதிவேட்டில் எழுத்தர் தம் கையால் செப்டம்பர் 3 என்று எழுதியிருந்தார். பதிவஞ்சலின் பற்றுச்சீட்டும் அதில் ஒட்டப்பட்டிருந்தது. அவ்விரண்டின் படிகளையும் அனுப்பிய பின்னரே விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அப்பதிவேடு இல்லாதிருந்தால், குற்றம் சிறிதும் இல்லாத அம்மாணவி என் அறியாமைக்காகத் தண்டம் இறுத்திருப்பாள்.

நாள் மாறியதன் காரணம் யாது? சொற்செயலியில் நாளை இருவகையாக இடலாம். ஒன்று வெறும் எழுத்து. அது தட்டியவாறே நிற்கும். மற்றொன்று புலம் எனப்படுவது. புலம் நிலைக்கண்ணாடி போன்றது. கண்ணாடி தன்முன் நிற்பவரைக் காட்டுமேயன்றி, முன்பு வந்து சென்றவரைக் காட்டாது. அதுபோலப் புலமும் திறக்கும் நாளைக் காட்டுமேயன்றி, எழுதிய நாளைக் காட்டாது. மைக்ரோசாப்ட் வேர்டு என்னும் சொற்செயலியில் ‘இன்சர்ட்’ பகுதியில் ‘டேட் அண்டு டைம்’ என்னும் கட்டளை உண்டு. அதனை அழுத்தியதும் தோன்றும் பெட்டியில் ‘அப்டேட் ஆட்டோமேட்டிக்கலி’ என்றொரு சிறு கட்டம் இருக்கும். அதில் குறியிட்டால் வருவது புலம். குறியிடாவிடின் வருவது எழுத்து. விரைவுக்காக ஆல்ட், ஷிப்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துவோர் உளர். அவர்க்கு வருவதும் மாறும் புலமே.

புலங்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. அவற்றுள் நாளைக் காட்டுவன நான்கினை அறிதல் நலம். ‘டேட்’ என்பது இன்றைய நாளைக் காட்டும். ‘சேவ்டேட்’ என்பது கோப்பை இறுதியாகச் சேமித்த நாளைக் காட்டும். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்தாலும் அந்நாள் மாறிவிடும். ‘பிரின்ட்டேட்’ என்பது இறுதியாக அச்சிட்ட நாளைக் காட்டும். ஒருமுறையும் அச்சிடப்படாத மடலில் அது வெறும் பூச்சியங்களையே காட்டும். ‘கிரியேட்டேட்’ என்பதோ அந்தக் கோப்புப் பிறந்த நாளைக் காட்டும். ஒருவருடைய வயது ஆண்டுதோறும் மாறும். பிறந்த நாள் மாறுவதில்லை அன்றோ? ஆதலின், வார்ப்புருவில் அமைத்தற்குத் தக்கது இந்நான்காவதே. வார்ப்புருவிலிருந்து புதிய மடல் எடுக்கும்போது அப்புலம் அம்மடல் தோன்றிய நாளை ஏற்கும். பின்னர் மடலைத் திறந்தாலும் அச்சிட்டாலும் அந்நாளையே கூறும்.

இதனை அமைத்தல் அரிதன்று. வார்ப்புருவில் நாள் வரவேண்டிய இடத்தில் சுட்டியை நிறுத்துக. ‘இன்சர்ட்’ பகுதியில் ‘குவிக் பார்ட்ஸ்’ என்பதனுள் ‘ஃபீல்டு’ என்பதனைத் தேர்க. அங்குள்ள பட்டியலில் ‘கிரியேட்டேட்’ என்பதனைத் தேர்ந்து, வேண்டிய நாள் வடிவையும் தேர்க. பின்னர்க் கோப்பினை வார்ப்புருவாகவே சேமித்திடுக. மடல் எழுத வேண்டும்போதெல்லாம் அவ்வார்ப்புருவிலிருந்து புதிய மடல் எடுத்தல் வேண்டும். சென்ற திங்கள் எழுதிய மடலைத் திறந்து, அதன் மேலேயே புதுச் செய்தியை எழுதும் வழக்கம் ஆகாது. அவ்வாறு செய்வோர் நாளை மட்டுமன்றிப் பழைய மடலையும் இழப்பர்.

முன்பே எழுதிய மடல்களில் மாறும் நாள் இருப்பின் என் செய்வது? நாளின்மேல் சுட்டியை வைத்தால் அவ்விடம் சாம்பல் நிறம் பெறுமாயின் அது புலம் என்று அறியலாம். ஆல்ட் விசையுடன் எஃப்9 விசையை அழுத்தினால், புலங்கள் தம் உண்மைப் பெயரைக் காட்டும்; மீண்டும் அழுத்தினால் பழைய தோற்றம் பெறும். மாறிப்போன நாளைக் கண்டால், உண்மை நாளைப் பதிவேட்டிலிருந்து அறிந்து, புலத்தை நீக்கி, அந்நாளை எழுத்தாக இடுதல் வேண்டும். புதிதாக எழுதிய மடலில் மாறும் புலம் இருந்தால், அன்றே அதன்மேல் சுட்டியை வைத்துக் கண்ட்ரோல், ஷிப்ட் விசைகளுடன் எஃப்9 விசையை அழுத்துக. புலம் வெறும் எழுத்தாகி நிலைத்துவிடும். கண்ணாடி ஓவியமாக மாறியது போன்றது இது. கையெழுத்திட்டு அனுப்பிய மடலின் படியைப் பி.டி.எஃப். வடிவிலும் சேமித்து வைத்தல் சாலச் சிறந்தது. அவ்வடிவில் புலம் இயங்காது. அன்று கண்டது என்றும் காணப்படும்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்னும் கட்டற்ற சொற்செயலியிலும் இவ்வேறுபாடு உண்டு. அதன் புலப் பெட்டியில் மாறும் நாள், நிலைத்த நாள் என இரண்டும் தனித்தனியே தரப்பட்டுள்ளன. நிலைத்த நாளை மடலில் இடலாம்.

நாளின் வடிவிலும் கருத்து வேண்டும். 05.06.2024 என்பதனை நாம் சூன் 5 என்று படிப்போம். அமெரிக்கர் மே 6 என்று படிப்பர். திங்களின் பெயரை எழுத்தால் எழுதினால் இம்மயக்கம் நீங்கும். வேர்டில் நாள் வடிவை நாமே எழுதும்போது, திங்களைக் குறிக்க எம் என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தை இடுதல் வேண்டும். சிறிய எழுத்தை இட்டால் அது மணித்துளியைக் குறிக்கும். அதனால் நாற்பத்தேழாம் திங்கள் என்பது போன்ற நகைப்பிற்குரிய நாள் தோன்றவும் கூடும்!

மேலும், இப்புலங்கள் எல்லாம் கணிப்பொறியின் கடிகாரத்தைக் கேட்டே நாளைச் சொல்கின்றன. பொறி அணைந்திருக்கும்போதும் அக்கடிகாரத்தை ஓடச் செய்வது உள்ளே அமைந்த சிறு மின்கலம். அது வலுவிழந்தால் கடிகாரம் பிழைபடும். மடலின் நாளும் பிழைபடும். ஆதலின், கையெழுத்திடும் முன் நாளை ஒருமுறை கண்ணால் நோக்குதல் கடமையாகும்.

மாறும் நாள் எங்கும் தீயதோ எனின், அன்று. காலைதோறும் அச்சிட்டுப் பயன்படுத்தும் வருகைத் தாளுக்கு அதுவே ஏற்றது. வரைவுகளின் அடியில் அச்சிட்ட நாளைக் காட்டவும் அது பயன்படும். இன்றைய நாள் வேண்டுமிடத்து மாறும் நாள் நன்று. எழுதிய நாள் வேண்டுமிடத்து நிலைத்த நாளே நன்று. இவ்வேறுபாட்டை அறிந்து பயன்படுத்துவோர்க்குப் பொறி நல்ல ஏவலாள்.

மாணவர்களே! நீங்கள் வளர்ந்து அலுவலகங்களில் எத்தனையோ மடல்கள் எழுதுவீர்கள். அவற்றுள் ஒவ்வொன்றும் எவரேனும் ஒருவருடைய உரிமையைச் சுமந்து செல்லும். நாளை எழுதும் வேலையைப் பொறியிடம் ஒப்படைக்கலாம். அந்நாள் மெய்யானதா என்று காணும் பொறுப்பை ஒப்படைத்தல் ஆகாது. கையெழுத்து எவருடையதோ, நாளும் அவருடையதே.