வரைபடக் கோப்பின் சுருக்கமும் லயத்தின் முகவரியும்

மலையகத்தின் சமூக வரலாற்றை ஆராய்வோர் வாய்மொழிப் பாடலையும் தோட்டக் கணக்கேட்டையும் சான்றாகக் கொள்ளும் அளவிற்கு வரைபடத்தைக் கொள்வதில்லை. ஆயினும் நிலம் மூலதனமாக மாறிய இடமெங்கும் அளவைச் சங்கிலியும் வரைபடமும் முன்சென்றுள்ளன. நோட்டன் பிரிட்ஜ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இப்பகுதியின் நீர்வலுவைப் பயன்படுத்துவது குறித்து டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை நிகழ்த்தினார். 1950இல் லக்ஷபான மின்நிலையமும் 1965இல் அவர் பெயர் தாங்கிய மின்நிலையமும் இயங்கத் தொடங்கின. தோட்டம், அணை, சுரங்கவழி என்பன யாவும் முதலில் வரைபடமாகவே தோற்றம் பெற்றன.

அன்று மெழுகுசீலையில் மையினால் வரையப்பட்டவை இன்று கணினிக் கோப்புகளாகியுள்ளன. 1982இல் வெளிவந்த ஓட்டோகாட் இம்மாற்றத்தைப் பரவலாக்கிய மென்பொருள்களுள் ஒன்று. இக்கோப்புகள் காலப்போக்கில் பருத்துவிடுகின்றன. திறப்பதற்கும் அனுப்புவதற்கும் நெடுநேரம் பிடிக்கின்றன. எனவே அவற்றைச் சுருக்குவது அன்றாடத் தேவையாகின்றது. எதனை நீக்குவது, எதனை வைத்திருப்பது என்ற வினா எழுமிடத்தில் இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை.

இத்தகைய கோப்பு படத்தைப் புள்ளிகளாகச் சேமிப்பதில்லை. வடிவத்தை எண்களாகவே சேமிக்கின்றது. ஒரு நேர்கோட்டிற்கு அதன் இரு முனைகளின் ஆள்கூறுகள் போதும். ஆகவே ஓரடிக் கோடும் ஒரு மைல் கோடும் ஏறத்தாழ ஒரே இடத்தையே பிடிக்கின்றன. கோப்பின் பருமனைத் தீர்மானிப்பது நிலத்தின் பரப்பன்று. பதிவாகும் உருப்படிகளின் எண்ணிக்கையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

சுருக்கத்திற்கான முதல் வழி, மீள வருவதை ஒருமுறை மட்டும் வரைவது. பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு லயத்தை எண்ணிக்கொள்வோம். ஓர் அறைக்கு நாற்பது கோடுகள் எனின், தனித்தனியே வரையும்போது 480 கோடுகள் பதிவாகும். ஓர் அறையை மட்டும் ‘பிளொக்’ என வரையறுத்தால் நாற்பது கோடுகளும், அவ்வடிவம் வைக்கப்படும் இடத்தைக் கூறும் பன்னிரண்டு குறிப்புகளுமே போதும். பின்னர் யாரேனும் அந்தப் பிளொக்குகளை உடைத்துவிட்டால் பழைய பருமன் திரும்பிவிடும்.

இரண்டாவது வழி, பயனற்றவற்றைக் களைவது. ‘பேர்ஜ்’ என்னும் கட்டளை, வரைபடத்தில் எங்கும் பயன்படாத பிளொக்குகள், அடுக்குகள், எழுத்து வகைகள் ஆகியவற்றின் வரையறைகளை நீக்குகின்றது. பயன்பாட்டிலுள்ளதை அது தொடாது. ஒன்றின்மேல் ஒன்றாய்க் கிடக்கும் இரட்டைக் கோடுகளை ‘ஓவர்கில்’ என்னும் கட்டளையால் நீக்கலாம். ஒட்டப்பட்ட படங்களையும் அட்டவணைகளையும் வெளிக் கோப்புகளாக வைத்து இணைப்பதும் பயன்தரும். அனுப்பும்போது அவற்றையும் சேர்த்து அனுப்புதல் வேண்டும்.

மூன்றாவது வழியே கூடிய விழிப்பை வேண்டுவது. மலைநிலத்தின் சமவுயரக் கோடுகள் ஆயிரக்கணக்கான முனைப்புள்ளிகளைக் கொண்டவை. 1973இல் டக்ளஸ், பொய்க்கர் ஆகிய இருவர் வெளியிட்ட முறை, குறித்த எல்லைக்குள் அடங்கும் சிறு வளைவுகளைக் கைவிட்டு முதன்மையான புள்ளிகளை மட்டும் பேணுகின்றது. ஒரு மீற்றர் விலகலை அனுமதித்தால் 1:10,000 அளவுத்திட்டத் தாளில் அது மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கே, கண்ணுக்குப் புலப்படாது.

ஆனால் அதே அளவுகோலைக் குடியிருப்புக் காணியின் எல்லைக்குப் பிரயோகிக்க இயலுமா? இந்திய உதவி வீட்டுத்திட்டத்தில் தொழிலாளர் குடும்பத்திற்கு ஏழு பேர்ச் காணி ஒதுக்கப்பட்டது. 2017 மே 12இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். சதுரமாயின் பக்கமொன்று 13.3 மீற்றர். ஒரு பக்க எல்லை ஒரு மீற்றர் உள்ளே நகர்ந்தால் அரைப் பேர்ச்சுக்குச் சற்று அதிகமான நிலம் தாளளவில் மறைந்துவிடும். பல்லாயிரம் ஏக்கருக்குப் பொருட்டல்லாத பிழை, ஒரு தொழிலாளியின் முதற் சொத்திற்குப் பெரும் பிழையாகின்றது. சமவுயரக் கோட்டை எளிமைப்படுத்தலாம். காணி எல்லையைத் தொடலாகாது.

அடுக்குகளை முற்றாக அழிப்பதிலும் இதே ஆபத்துண்டு. மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் நிறைவெய்தியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது அங்கிருந்த வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளிப்படுகின்றன. நீரியல் பொறியியலாளருக்குப் பயனற்றதெனத் தோன்றும் பழைய நகரின் அடுக்கு, வரலாற்று மாணவனுக்கு மூலச் சான்றாகும். எனவே மூலக் கோப்பை மாற்றமின்றிப் பேணி, அதன் பிரதியையே சுருக்குதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. மேற்கூறிய லயத்தின் பன்னிரண்டு அறைகளும் ஒரே பிளொக்கின் பிரதிகளாயினும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இலக்கத்தைப் பண்புக்குறிப்பாக இணைக்கமுடியும். அதற்குச் செலவாகும் இடம் மிகச் சிறிதே. தலைமுறை தலைமுறையாகத் தோட்ட அலுவலகத்தின் முகவரியிலேயே கடிதம் பெற்றுவந்த மக்கள் இவர்கள். அவர்தம் வீட்டிலக்கம் வரைபடத்தில் இடம்பெறவில்லையெனின் அதற்குக் கோப்பின் பருமனைக் காரணங்காட்ட இயலாது. அக்காரணத்தை வரைபடத்திற்கு வெளியே, நிலத்தின் உடைமை உறவுகளிலேயே தேடவேண்டும்.