கறுப்புக் காரில் ஒரு சிலந்தி வலை

துடைத்துப் பளபளவென்று நிற்கும் கறுப்பு நிறக் கார் ஒன்றை வெயிலில் உற்றுப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரியும். வெள்ளைக் காரிலும் இத்தகைய கோடுகள் உண்டு. ஆனால் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இது ஏன்?

இக்காலக் கார்களில் வண்ணப் பூச்சின் மேல் நிறமற்ற, ஒளி ஊடுருவும் மேற்பூச்சு ஒன்று இருக்கும். செங்குத்தாக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதமே அதன் பரப்பில் எதிரொளிக்கிறது. எஞ்சியது உள்ளே சென்று வண்ணத்தை அடைகிறது. வெள்ளை வண்ணம் அதில் பெரும்பகுதியை எல்லாத் திசைகளிலும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. கறுப்போ அதை உட்கவர்ந்து கொள்கிறது. எனவே கீறல் சிதறடிக்கும் சிறிதளவு ஒளி, வெள்ளையில் பகல் நேர விண்மீனைப் போல மறைந்து விடுகிறது. கறுப்பில் இரவு விண்மீனைப் போல மின்னுகிறது.

வலையின் வட்ட வடிவமும் ஒரு தோற்றமே. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் உள்ளன. அவற்றுள் விளக்கின் பிம்பத்திலிருந்து வரையப்படும் கோட்டுக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே நம் கண்ணுக்கு ஒளியை அனுப்புகின்றன. பழகிய எவர்சில்வர் தட்டு ஒன்றை ஒற்றை பல்பின் கீழ்ப் பிடித்துத் தலையை அசைத்துப் பாருங்கள். வட்டங்களும் உங்களுடன் நகரும்!

கீறலை நீக்குவது எப்படி? பள்ளத்தை நிரப்பிப் பயனில்லை. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் மட்டத்திற்குக் குறைக்க வேண்டும். மெருகிடுதல் என்பது பெரிய கீறல்களைக் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்களாக மாற்றுவதே என்று 1704இல் வெளியான தம் ஒளியியல் நூலில் நியூட்டன் விளக்கினார். கண்ணுறு ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. கீறல்கள் இதைவிட மிகச் சிறியனவாகி விட்டால் ஒளி அதிகம் சிதறாது. ஆகவே காரை நன்கு கழுவிய பின், மென்மையான நுரைத் திண்டில் மிக நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு கலந்த பசையைத் தடவித் தேய்க்கின்றனர். திண்டு வெறுமனே சுழன்றால் ஒரே சீரான தடங்கள் விழும். சுழன்றுகொண்டே மையம் விலகியும் சுற்றும் இயந்திரம் அத்தடங்களைத் தவிர்க்கிறது.

ஒரு குறுக்கு வழியும் உண்டு. மெழுகைப் பூசினால் கீறல் மறையும். மெழுகின் ஒளிவிலகல் எண் மேற்பூச்சின் எண்ணுக்கு நெருக்கமாக இருப்பதே காரணம். சொரசொரப்பான கண்ணாடியில் நீர் தடவினால் அது தெளிவாவதும் இவ்வாறே. ஆனால் மெழுகு கரைந்ததும் கீறல் மீண்டும் தலைகாட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டு விடும்.

அப்படியானால் மாதந்தோறும் மெருகிடலாமா? கூடாது. மேற்பூச்சின் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான். தலைமயிரை விட மெல்லியது. வண்ணத்தைப் புற ஊதாக் கதிர்களிலிருந்து காப்பதும் அதுவே. ஒவ்வொரு மெருகிடலும் அதில் சிறிதளவைத் தின்றுவிடுகிறது. தேய்ந்தது மீண்டும் வளராது. நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலை அப்படியே விட்டுவிடுவதே அறிவுடைமை. தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்காமல், முதலில் நீர் ஊற்றிக் கழுவுங்கள். கீறல்களில் பெரும்பகுதி விழாமலே போகும்.