தோட்டக் களைகளும் காடித் தெளிப்பும்

ஊறுகாய்க்கும் சமையலுக்கும் உபயோகிக்கும் காடியைத் தெளித்தே தோட்டத்துக் களைகளை அடியோடு ஒழித்துவிடலாம் என்ற பேச்சு விவசாயிகளிடையே பரவி வருகிறது. இதில் மெய்யும் உண்டு, மிகையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாமற் கைப்பொருளைச் செலவிடுவோர், சில வாரங்களுக்குள் அதே களை அதே இடத்தில் தழைத்து நிற்கக் காண்பர்.

வினிகர் என்ற பெயரால் கடைகளில் விற்கப்படும் காடியில் நூற்றுக்கு 4 முதல் 5 பங்கு வரை அசிட்டிக் அமிலம் அடங்கியுள்ளது. புளித்த கஞ்சித் தெளிவையும் நம் நாட்டிற் காடி என்றே வழங்குவதுண்டு. அது களைக்கு ஆகாது. அமிலமானது இலையின்மேற் பட்டவுடன் அதன் நுண்ணறைகளைச் சூழ்ந்த மெல்லிய சவ்வைச் சிதைக்கிறது. உள்ளிருக்கும் நீர் வெளியேறி, நல்ல வெயிலில் சில மணி நேரத்திற்குள் இலை வாடிக் கருகுகிறது. ஆயினும் அவ்வமிலம் தண்டின் வழியே இறங்கி வேரைக் கொல்லுவதில்லை. இந்த ஒன்றை மனத்திற்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விவசாய இலாகாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மேரிலாந்திலுள்ள பெல்ட்ஸ்வில் என்னுமிடத்தில் இதனைச் சோதித்து, 2002-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். 5 சதவிகிதமும் 10 சதவிகிதமுமான கரைசல்கள், முளைத்து இரண்டு வாரத்திற்குட்பட்ட களைகளைக் கொன்றன. முதிர்ந்த களைகளுக்கு அதிக வலிவு வேண்டியிருந்தது. 20 சதவிகிதக் கரைசலில் எல்லாப் பருவத்துக் களைகளிலும் நூற்றுக்கு 85 முதல் 100 வரை மடிந்தன.

ஆகவே, சாரணை, குப்பைமேனி, பார்த்தீனியம் போன்றவை இரண்டு மூன்று இலைகளோடு தலைகாட்டும் பருவத்தில் வீட்டுக் காடியே போதும். அகன்ற இலைச் செடிகளின் குருத்து மேலே வெளிப்பட்டு நிற்பதால் அது எளிதிற் கருகிவிடும். புல்லினத்திற்கோ குருத்து மண்ணோடு ஒட்டியிருக்கிறது. அருகும் கோரையும் காடிக்கு அடங்குபவையல்ல. கோரையின் தலை கருகினால், மண்ணுக்குள் சங்கிலிபோற் கோத்திருக்கும் கிழங்குகள் மறுபடியும் முளைவிடும். அதற்குக் கிழங்கைத் தோண்டிப் பொறுக்குவதும், கோடையில் உழுது காயவிடுவதுமே பழைய வழி. இன்றும் அதனை விடுவதற்கில்லை.

வலிவான அமிலத்தை வாங்கி உபயோகித்தாலென்ன என்று கேட்கலாம். 11 சதவிகிதத்திற்கு மேற்பட்ட அமிலம் தோலைப் புண்ணாக்க வல்லது. கண்ணிற் பட்டால் பார்வையே போகக்கூடும். பிள்ளைகள் நடமாடும் பள்ளி முற்றத்திலும் ஊர்ப் பாதைகளிலும் கிராம அதிகாரிகள் இதனை அனுமதியாதிருத்தல் நலம்.

காடியோடு உப்பையும் கலக்கும்படி சிலர் யோசனை கூறுகின்றனர். இது காடியைக் காட்டிலும் கேடானது. அமிலத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சில நாட்களிற் சிதைத்துவிடும், உப்போ தங்கிவிடும். உவரை அகற்றுவதற்கு அரும்பாடுபடும் குடியானவர், அதனைக் காசு கொடுத்து வாங்கி நிலத்திற் சேர்ப்பானேன்?

ஏக்கர்க் கணக்கில் காடி தெளிப்பதும் கட்டாது. தண்ணீர் கலவாமலே தெளிக்கவேண்டியிருப்பதால், ஏக்கருக்கு 200 லிட்டர் என்று கொண்டாலும் அத்தனையும் விலைக்கு வாங்கிய காடியாகவே இருக்க வேண்டும். களைக்கொத்தே அங்கு மலிவு. நடைபாதை, கிணற்றடித் தளம், சிமெண்டு வாய்க்காலின் வெடிப்பு, வேலியோரம் ஆகிய கொத்துப் புகாத இடங்களே காடிக்கு உரியவை.

பனி உலர்ந்தபின், மழைக்குறி இல்லாத நாளில், காற்று அடங்கியிருக்கும்போது இலை முழுதும் நனையத் தெளிக்கவேண்டும். மெழுகுப் பூச்சுள்ள இலைகளில் நீர் உருண்டோடாமலிருக்கச் சிறிது சோப்புக் கரைசல் சேர்க்கலாம். காடி, களை இது, பயிர் இது என்று பார்ப்பதில்லை. கத்தரியோ மிளகாயோ அருகிலிருந்தால் தகரத்தையோ அட்டையையோ இடையிற் பிடித்துக்கொள்ள வேண்டும். உலோகத் தெளிப்பான்களை அமிலம் அரிக்குமாதலால் பிளாஸ்டிக்கினாலானவற்றையே உபயோகித்து, வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி வைக்கவேண்டும்.